வட்டம் விழாத தட்டு

பாக்டீரியாக்களை அவர் ‘அவங்க’ என்றுதான் சொல்வார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் தங்கியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே வேனை நிறுத்திக் காத்திருந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, குட்டையான ஒரு பெண் தோளில் ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். “நேத்தும் அவங்க வரல. இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். அப்பவும் வரலைன்னா சாப்பாட்ட மாத்தி வைக்கணும்.” வீட்டுக்கு வர வேண்டிய சொந்தக்காரர்கள் ஏதோ கோபத்தில் வராமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஷா ஆலம் போய்ச் சேரும் வரை எனக்கு அதே கவலை. ஆய்வுக்கூடத்தில் அவர் ஒரு வட்டத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “அட, வந்துட்டாங்க” என்றபோதுதான் வரவேண்டியவர்கள் யாரென்று தெரிந்தது.

நான் இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். லோரி, தொழிற்சாலை வேன், பள்ளி வேன் என்று ஓட்டிவிட்டு, ஷா ஆலம் தொழிற்பேட்டைக்குள் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் டிரைவராகச் சேர்ந்தேன். வண்டி ஓட்டாத நேரத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவ வேண்டும். நான் கூட்டிவந்தவர்தான் டாக்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒப்பந்த விசாவில் வந்தவர். ஊசி போடும் டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். கோழிப்பண்ணை, காய்கறித் தோட்டம், ஆறு, சாக்கடை என்று போய் மண்ணும் தண்ணீரும் எடுத்து வந்து, அதில் இருக்கும் பாக்டீரியாக்களில் எவை மருந்துக்கு அடங்குகின்றன, எவை அடங்குவதில்லை என்று பார்ப்பது அவர் வேலை. பதவியில் நான் கடைசி என்றாலும் வயதில் மூத்தவன் என்பதால் என்னை அண்ணே என்று கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லியும் கேட்கவில்லை.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்படுகிறவன். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு தெரு போனபின் கேஸை மூடினேனா என்று திரும்பி வருவேன். வண்டியில் ஏறும்முன் நாலு டயரையும் காலால் தட்டிப் பார்ப்பேன், பார்த்தது போதாது என்று இன்னொரு சுற்று வருவேன். எனக்கு எதற்கும் யாராவது ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். ஆகும், ஆகாது, இரண்டில் ஒன்று. ஆகாது என்று சொன்னால்கூட மனசு அடங்கிவிடும். அப்படிப்பட்டவனுக்கு அவர் பக்கத்து சீட்டில் வாய்த்தார்.

மழை வருமா டாக்டர் என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டு, தெரியல என்பார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்பது அவருக்குப் புரியாது. மதியச் சாப்பாட்டுக்கு ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த வாழையிலைக் கடைக்குக் கூட்டிப் போனேன். உங்கள் ஊர்ச் சாப்பாடு மாதிரி இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டேன். “இன்னும் ரெண்டு தடவ சாப்பிட்டுட்டுச் சொல்றேண்ணே” என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாமில் நிற்கும்போது, நான் கேட்காமலே, “அந்தக் கடையில ரசம் நல்லாருக்குண்ணே. சாம்பார் ஒரு நாள் இருக்கற மாதிரி ஒரு நாள் இல்ல” என்றார். எந்தக் கடை என்று நான் யோசிக்க வேண்டியிருந்தது. அவர் தனியாகப் போய் இன்னும் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறார்.

எதையும் மூன்று தடவை பார்க்காமல் சொல்லமாட்டார். மூன்று தடவை பார்த்த பிறகும், பார்த்ததை மட்டும் சொல்வார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்.

பந்திங் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கோழிப்பண்ணை இருந்தது. மாதம் ஒருமுறை போவோம். அவர் முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கி, சின்னப் போத்தல்களில் தண்ணீர் பிடிப்பார். நான் ஐஸ் பெட்டியோடு மேலே நின்றுகொண்டு, வழுக்கிவிடும் டாக்டர், பார்த்து டாக்டர் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். பண்ணை முதலாளி நம் ஆள்தான். வாய் சும்மா இருக்காது. அவருக்கும் ஒரே கேள்வி, தன் கோழி நல்ல கோழியா இல்லையா. டாக்டர் ஒவ்வொரு தடவையும், இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பார்.

“நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள என் கோழி பாசாருக்குப் போய், குழம்பாகி, சாப்ட்டவன் கையும் கழுவிருவான் லா டாக்டரம்மா.”

“ஆமா, போயிரும்” என்று அதையும் ஒத்துக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். இதை எங்கே பிடித்தாய் என்று கேட்கிற சிரிப்பு.

அந்தப் பண்ணையில் வேலையாள் ஒருவர் கோழி குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் வெள்ளைத் தூள் கலப்பார். நோய்க்கு இல்லை, நோய் வரக்கூடாது என்று. தினமும் ஒரு கரண்டி. திரும்பி வரும் வழியில் டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “கொஞ்சங்கொஞ்சமா குடுத்தா அவங்க சாக மாட்டாங்கண்ணே. சாகாதவங்க பழகிருவாங்க. பழகினவங்க பக்கத்துல இருக்கறவங்களுக்கும் சொல்லிக்குடுத்துருவாங்க.” நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாகப் புரிந்தது. கோழிக்கு அப்படிச் செய்யக்கூடாது.

டெங்கிலில் செம்பனை வைத்திருந்த பெரியவர் ஒருவரும் உண்டு. மரத்தின் அடியில் காளான் மாதிரி ஏதோ கிளம்பி, உள்ளே மரம் மக்கிக்கொண்டே வரும் நோய். டாக்டர் அவர் மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியாவை எடுத்து வளர்த்தார். தட்டில் அது அந்தக் காளானைக் கிட்ட நெருங்கவிடவில்லை, நானே பார்த்தேன். விஷயம் பெரியவர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. ஒரு போத்தல் கொடுங்கள் அம்மா, மரத்தடியில் ஊற்றிக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தட்டில் ஜெயித்தது, மண்ணில் ஜெயிக்குமா என்று தெரியாது, தெரியாததைக் கொடுக்கமாட்டேன் என்றார் டாக்டர். பெரியவர் அப்படியே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஏறியதும் எனக்கு ஆத்திரம். கொடுத்தால் என்ன, அந்த மனிதருக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்குமே என்றேன். டாக்டர் அன்று பிரிக்ஃபீல்ட்ஸ் வரும் வரை தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, “எனக்கும் குடுக்கணும்னுதாண்ணே இருந்துச்சு” என்றார்.

கழுவுகிற வேலையில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. பலகாரத்துக்குச் செய்வோமே அகார் அகார், அதே போன்ற ஒன்றைத் தட்டில் ஊற்றி உறையவைப்பார்கள். அதன்மேல் பாக்டீரியாவைத் தடவி, மருந்து ஊறிய காகிதப் பொட்டுகளை வைப்பார்கள். காகிதத்தில் ஓட்டை போடும்போது கீழே விழுமே, அந்த அளவுதான். சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் காலை எடுத்தால், தட்டு முழுக்கப் பாலாடை படிந்தது போல வெளுத்திருக்கும். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். வேலை செய்யாவிட்டால் பொட்டின் விளிம்பு வரை வெளுப்பு வந்து நிற்கும்.

எனக்கு அந்த வட்டம் பிடித்துப்போனது. படிக்காதவன்கூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். டாக்டர் அதையும் விடமாட்டார். அளவுகோல் வைத்து மூன்று தடவை அளந்து, நேற்றைய தட்டோடு ஒப்பிட்டு, சரியில்லை என்று மறுபடி போடுவார்.

இனி என் வீட்டு விஷயம்.

கிள்ளானில் வெள்ளம் வந்த அந்த வருடம் பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்தபின் என் மனைவி கமலா சேறு தள்ளும்போது உடைந்த தகரம் ஒன்று பாதத்தைக் கிழித்தது. அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருந்தது. பாதத்தில் அவ்வளவாக உணர்ச்சி கிடையாது, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கிளினிக்கில் சுத்தம் செய்து, ஒரு வாரத்துக்கு மருந்துக் குளிகை கொடுத்து, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்கச் சொன்னார்கள். மூன்றே நாளில் புண் காய்ந்துவிட்டது. மீதியை நான் எடுத்து வைத்தேன்.

எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. காய்ச்சல், பல்வலி என்று எதற்குக் கொடுத்தாலும் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அதில் போட்டுவைப்பேன். திடீரென்று ஏதாவது வந்துவிட்டால் கையில் மருந்து இருக்க வேண்டும் என்ற பயம். கவலைப்படுகிறவனுக்கு அந்த டின் ஒரு தெம்பு.

ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் புண் மறுபடி வாய் திறந்தது. என் அம்மா தோட்ட வேலையில் இருந்தபோது எங்களுக்குச் செய்ததை நான் செய்தேன். குளிகையைப் பிரித்து உள்ளே இருக்கும் தூளைப் புண்மேல் தூவினேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செய்வதுதான். ஒரே நாளில் தீர்ந்துவிடக்கூடாதே என்று ஒரு குளிகையை இரண்டு நாளைக்கு வைத்துக்கொண்டேன். காலையில் கொஞ்சம் தூவிவிட்டு வண்டி எடுப்பேன். கோழித் தண்ணீரில் ஒரு கரண்டி கலந்த அந்த ஆளை எனக்கு ஒருநாளும் ஞாபகம் வரவில்லை.

பத்து நாள் ஆயிற்று. சுண்டு விரல் கறுத்தது. ஒரு வாடை வந்தது. கமலா ஒன்றும் இல்லை என்றாள், வலிக்கவே இல்லை என்றாள். வலிக்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஜாமில் நிற்கும்போது டாக்டரிடம் கேட்டேன். தெரிந்தவர் ஒருவருக்கு ஒரு புண், பத்து நாளாக ஆறவில்லை, என்னவாக இருக்கும் என்றேன். என் மனைவிக்கு என்று சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாரோ என்று பயம்.

“பாக்காம எப்படிண்ணே சொல்றது? அவங்களுக்கு சுகர் இருக்கா? இருந்தா இங்க கேட்டுட்டு இருக்காம இன்னைக்கே ஆஸ்பத்திரி போகச் சொல்லுங்க.”

நான் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி என்றால் எனக்குக் காலை எடுத்துவிடுவார்கள் என்றுதான் கேட்கும். எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு எடுத்திருந்தார்கள். போவதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் தெரிய வேண்டும் என்று இருந்தது. வட்டம் விழுந்தால், விழுந்த மருந்தை வாங்கிக் கொடுத்துவிடலாம். காலோடு வீட்டிலேயே இருப்பாள்.

மறுநாள் காலை, ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்திருந்த பஞ்சுக் குச்சியால் கமலாவின் புண்ணைத் துடைத்தேன். எதற்கு என்று கேட்டாள். டாக்டர் பார்க்கிறேன் என்றார் என்று பொய் சொன்னேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, நூறு தடவை பார்த்ததை நானே செய்தேன். குச்சியைத் தட்டில் தேய்த்தேன். இடுக்கியால் ஆறு பொட்டுகள் வைத்தேன். ஒன்று சாய்ந்து விழுந்தது. பேர் எழுதவில்லை. டாக்டரின் தட்டுகளுக்குப் பின்னால், சூட்டுப் பெட்டியின் மூலையில் தள்ளிவைத்தேன்.

அடுத்த நாள் காலை நான் போட்ட திட்டம், டாக்டர் கோப்பி கலக்கும் நேரத்தில் முதலில் போய்ப் பார்த்துவிடுவது. அன்றைக்கென்று அவர் கோப்பி கலக்கவில்லை, பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகச் சூட்டுப் பெட்டியைத் திறந்தார். நான் கதவருகே நின்றுவிட்டேன். தன் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கடைசியில் என்னுடையதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார், பேர் இல்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

நானும் பார்த்தேன். தட்டு முழுக்க வெளுத்திருந்தது. ஆறு பொட்டுகள். ஒன்றைச் சுற்றிக்கூட வட்டம் இல்லை.

“இது யாரோடது?”

நான் சொல்லிவிட்டேன். புண், தகரம், டின், தூவிய தூள், சுண்டு விரல், எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சொன்னேன். அவர் தட்டை மூடி, இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டினார்.

“இத வச்சு எதுவும் சொல்ல முடியாதுண்ணே. எல்லாம் கலந்து கிடக்கு. சுத்தமா எடுக்கல, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு தட்டு இல்ல. இது ஒரு சோதனையே இல்ல.”

வாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை என் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துவிட்டது.

இந்த ஊருக்கு வந்து லைசென்ஸ் எடுத்திருந்தாரே ஒழிய ஒருநாளும் ஓட்டியதில்லை. அன்று அவர்தான் ஓட்டினார். இடது ஓரத்தில், லோரிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போக, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பண்டமாரான் வரை போனார். கமலாவை வாசலில் பார்த்ததும் குனிந்து கட்டைப் பிரித்தார். ஒரே ஒரு பார்வை. மறுபடி கட்டிவிட்டு, “ஏறுங்கக்கா” என்றார். எப்படி இருக்கிறது டாக்டர் என்று கமலா கேட்டாள். அவர் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார்.

ஆஸ்பத்திரியில் வேகமாகத்தான் பார்த்தார்கள். அவர்களை நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஊசி மருந்து ஏற்றினார்கள், அது கேட்கவில்லை, வேறு ஏற்றினார்கள். நோய் காலில் ஏறிக்கொண்டே போனது. மூன்றாம் நாள் சின்ன வயது டாக்டர் ஒருவர் காகிதத்தோடு வந்து, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்று மலாயில் மெதுவாக எடுத்துச் சொன்னார். கமலா என் முகத்தைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் டாக்டருக்கு போன் போட்டேன்.

“இன்னொரு தடவ போட்டுப் பாக்கலாமா டாக்டர்? நீங்களே பாருங்களேன். நீங்க ஒரு தடவ பாத்து சொல்லிட்டா போதும் லா.”

“அண்ணே, அங்க இருக்கறவங்க பாத்திருக்காங்க. நான் பாக்கல. அவங்க சொல்றதக் கேளுங்க.” பிறகு, “நான் வரேன்” என்றார். வந்தார். நான் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றார். கமலாவை உள்ளே கொண்டு போய் வெளியே கொண்டு வரும் வரை என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் சொன்னார்கள், கூட்டுகிற அக்கா உட்படச் சொன்னார்கள். அவர் மட்டும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தார். மனிதப் புண்ணிலிருந்து எடுத்ததை அனுமதி இல்லாமல் அந்த ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது தப்பு. அந்தத் தட்டை ஆட்டோகிளேவில், பெரிய குக்கர் மாதிரி இருக்கும் அதில், அன்றே அவித்துக் கொன்றாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டு, “நடந்தத எழுதணும்ணே” என்றார். எழுதினார். டிரைவர் செய்தார், கவனிக்காதது என் பொறுப்பு என்று இரண்டையும் எழுதினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவருக்கும் வந்தது. ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. காலையில் ஏறுவார், மாலையில் இறங்குவார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கமலாவின் கட்டைப் பற்றி மட்டும் தினமும் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்தக் கடிதத்தால்தானா என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஊருக்குப் போவதற்கு முதல் நாள் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் முறுக்கு வாங்கி வந்திருந்தார், இனிப்பு வாங்கக்கூடாது என்று யோசித்திருக்கிறார். கமலா சக்கர நாற்காலியில் இருந்தாள். பொய்க்கால் இன்னும் வரவில்லை. டாக்டர் காலைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டு, தையலைப் பார்த்தார். அதன் கீழ் முனையில் மட்டும் ஒரு விரல்நுனி அளவுக்கு இன்னும் மூடாமல் கசிந்துகொண்டிருந்தது. மற்ற இடம் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றார். பார்த்ததைச் சொன்னார்.

கோப்பி குடித்து முடித்த பிறகு கமலா பேச ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் பேசுவது கேட்கும் தூரம்தான்.

“டாக்டர், இவரு சரியா தூங்கறதே இல்ல. தான் அந்தத் தூள போட்டதாலதான் என் காலு போச்சுன்னு மனசுக்குள்ளயே வெச்சிட்டு சுத்துறாரு. நான் சொன்னா கேக்கறதில்ல. நீங்க படிச்சவங்க. அதனால இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

நான் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அவர் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

“சொல்ல முடியலக்கா” என்றார். “வெள்ளத் தண்ணியிலயே அடங்காதவங்க வந்திருக்கலாம். அண்ணன் தூவினதுல பழகியும் இருக்கலாம். நாள் தள்ளினதாலயும் இருக்கலாம். தூவாம இருந்திருந்தா கால் நின்னுருக்குமான்னு யாராலயும் பாக்க முடியாது. திரும்பப் போட்டுப் பாக்கற விஷயம் இல்ல அது.”

“பொய்யாச்சும் சொல்லலாம்ல டாக்டர். ஊருக்குத்தான போறீங்க.”

டாக்டரின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. “அண்ணன் கண்டுபிடிச்சுருவாருக்கா” என்றார். “மூணு வருஷமா பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன்.”

கமலா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

கிராப் டாக்சி வந்தது. வேனை அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கேட் வரை போனேன். காரில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

“கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு கட்டு மாத்துங்கண்ணே. விரல் இடுக்கெல்லாம்.”

சரி டாக்டர் என்றேன். கார் முச்சந்தியில் திரும்பி மறைந்தது. உள்ளே வந்தபோது கமலா நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஜன்னல் ஓரம் போயிருந்தாள். கட்டு மாற்றும் நேரம். குழாயைத் திறந்துவிட்டு இரண்டு கைக்கும் சோப்புப் போட்டேன். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. கழுவினேன். சோப்பைத் திரும்ப எடுத்தேன். போதும் வாங்க என்று கமலா கூப்பிட்டாள். போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.